வாரண்ட் கேட்காத வாசல்

நள்ளிரவில் கதவு தட்டப்படும். கூடவே அதட்டல் குரல். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கதவைத் திறந்து, வீட்டில்தான் இருக்கிறேன் என்று முகம் காட்ட வேண்டும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங்குக்கு இது வாடிக்கையாகிப்போனது. 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்த போலீஸ், ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டது. ஆனால் காவல்நிலையத்தில் அவர் பெயருக்கு ஒரு சரித்திரப் பதிவேடு திறந்தாயிற்று. வழக்கு முடிந்தது, பதிவேடு முடியவில்லை. ஊர்ச் சௌகிதாரும் கான்ஸ்டபிள்களும் ராத்திரியில் வந்து எழுப்பினார்கள். வெளியூர் கிளம்பினால் எங்கே, எதற்கு என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்.

இந்த ராத்திரி வருகைக்கு வாரண்ட் தேவைப்படவில்லை. மாநில போலீஸ் விதித்தொகுப்பின் 236-ம் விதி போதுமானதாக இருந்தது. வீட்டை மறைவாகக் கண்காணிப்பது, இரவில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, நடமாட்டத்தைக் குறித்து வைப்பது என்று அதில் ஆறு உட்பிரிவுகள். 1962 டிசம்பர் 18 அன்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து தில்லிக்குப் போன என்.ராஜகோபால ஐயங்கார். ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்று சொன்ன 1604-ம் ஆண்டு ஆங்கிலேயத் தீர்ப்பை அவர் துணைக்கு அழைத்தார். தூங்குகிறவனை எழுப்பி வீட்டுக்குள் நுழைவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தைத் தாக்குகிறது. 236-ம் விதியோ சட்டம் அல்ல, வெறும் துறை உத்தரவு. ஆகவே ராத்திரி வருகை செல்லாது.

அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி, அந்தரங்க உரிமை என்று ஒன்றை நம் அரசமைப்பு தரவில்லை என்றது. ஆகவே பின்தொடர்வதும் குறிப்பெடுப்பதும் தொடரலாம். அமர்வில் இருந்த கே.சுப்பா ராவும் ஜே.சி.ஷாவும் இதை ஏற்கவில்லை. அந்தரங்கம் தனிமனித சுதந்திரத்தின் உயிரான பகுதி, 236-ம் விதி முழுதுமே விழ வேண்டும் என்று சுப்பா ராவ் எழுதினார். அவரும் சென்னை வழக்கறிஞர் கூட்டத்திலிருந்து எழுந்தவர்தான். ஆனால் சட்டமாக நின்றது ஐயங்காரின் தீர்ப்பு. வீடு கோட்டை என்று சொல்லிவிட்டு, கோட்டைக்குள் இருப்பவனுக்கு அந்தரங்கம் கிடையாது என்றும் சொல்வது எப்படிப் பொருந்தும்? இந்த முரணை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டுக்கு இந்த ராத்திரிக் கண்காணிப்பு கேள்விப்படாத சங்கதி அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதியப்பட்ட சாதிகளின் ஆண்கள் இரவில் தங்கள் வீட்டில் படுக்க முடியாது. காவல்நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். கைரேகைச் சட்டம் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் போனது. ஆனால் இன்னார் எப்போதும் சந்தேகத்துக்கு உரியவர், அவர் வீட்டை எப்போதும் எட்டிப் பார்க்கலாம் என்ற மனப்பழக்கம் சரித்திரப் பதிவேடுகளில் தங்கிவிட்டது.

*

அரசமைப்பில் வீட்டுக்கான பாதுகாப்பு ஏன் இல்லை? எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1947 மார்ச்சில் அரசமைப்பு நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவுக்கு வந்த வரைவுகளிலேயே அது இருந்தது. கே.எம்.முன்ஷியின் வரைவு வீட்டின் மீறப்படாமையைப் பேசியது. அம்பேத்கர் தன் குறிப்பில், நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிராக மனிதரின் உடல், வீடு, தாள்கள், உடைமைகள் ஆகியவற்றுக்குக் காப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார். அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். துணைக்குழுவும் அதை வரைவில் சேர்த்துக்கொண்டது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் கவலைப்பட்டது போலீஸுக்காக: நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது என்றால் புலனாய்வு முடங்கிவிடும். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எழுப்பிய ஆட்சேபம் வேறு ரகம். அமெரிக்கர்கள் தங்கள் அரசமைப்பை எழுதியபோது அவர்களிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எதுவும் இல்லை. நம்மிடமோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. புதுப் பிரிவைச் சேர்த்தால் அதன் சில பகுதிகள் செல்லாமல் போகும், எது நியாயமான சோதனை என்பதை வழக்குக்கு வழக்கு உச்ச நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிவரும் என்றார் அந்தச் சென்னை வழக்கறிஞர். பிரிவு நீக்கப்பட்டது. அல்லாடி பயந்தது நடந்திருந்தால் நல்லதாகவே இருந்திருக்கும் என்று இன்று சொல்லத் தோன்றுகிறது. எது நியாயமான சோதனை என்று வழக்குக்கு வழக்கு முடிவு செய்யத்தானே நீதிமன்றம் இருக்கிறது?

1948 டிசம்பர் 3 அன்று உறுப்பினர் காஜி சையத் கரீமுதீன் அதை மறுபடி சபைக்குக் கொண்டுவந்தார். நான்காம் திருத்தத்தின் வாசகத்தைத் தழுவிய ஒரு திருத்தத்தை அவர் முன்மொழிந்தபோது, பதில் சொன்ன அம்பேத்கர் அதை ஏற்கத் தயார் என்றார். இதில் புதிதாக எதுவும் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் நாளை ஒரு சட்டமன்றம் அதை எடுத்துவிடலாம் என்பதால் அதன் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது என்பது அவர் வாதம். வரைவுக் குழுத் தலைவரே சம்மதித்த ஒரு திருத்தம். ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் ஆம் என்றவர்கள் அதிகமா இல்லை என்றவர்கள் அதிகமா என்று குழப்பம் ஏற்பட்டு வாக்கெடுப்பு தள்ளிப்போனது. பிறகு அது நிறைவேறவில்லை. வீட்டுக்கு அரசமைப்பு தந்திருக்கக்கூடிய காவல் அங்கேயே நின்றுபோனது.

ஆறே ஆண்டுகளில் இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. டால்மியா குழுமத்தின் விமான நிறுவனம் ஒன்றின் கணக்குகள்மீது புகார் வந்து, 1953 நவம்பரில் தில்லி மாவட்ட நடுவர் தந்த வாரண்டுகளுடன் 34 இடங்களில் சோதனை நடந்தது. எம்.பி.சர்மா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். 1954 மார்ச் 15 அன்று எட்டு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: சோதனையும் பறிமுதலும் சமூகப் பாதுகாப்புக்காக அரசிடம் உள்ள அதிகாரம், அமெரிக்காவின் நான்காம் திருத்தம் போன்ற ஒன்றை அரசமைப்பை ஆக்கியவர்கள் வேண்டாமென்று விட்டிருக்கும்போது, அதை வேறு வழியில் உள்ளே இழுத்துவர நீதிமன்றத்துக்கு நியாயம் இல்லை. இந்த ஓரிரு வாக்கியங்களின் பலத்தில்தான் அடுத்து வந்த பல தீர்ப்புகள் நின்றன.

*

லண்டனில் இந்தச் சண்டை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1762 நவம்பர் 11 அன்று அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கொடுத்த உத்தரவோடு கேரிங்டன் என்பவரும் வேறு மூன்று அரச தூதர்களும் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டை உடைத்து நுழைந்தார்கள். நான்கு மணி நேரம் அறை அறையாகக் குடைந்து, பெட்டிகளைத் திறந்து, கிடைத்த தாள்களையெல்லாம் அள்ளிச் சென்றார்கள். என்டிக் அத்துமீறல் வழக்குப் போட்டார். 300 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. 1765-ல் கேம்டன் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம் எளியது: இப்படி ஓர் அதிகாரம் இருப்பதாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை, ஆகவே அது இல்லை. குறிப்பிட்ட பொருள் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் தேடு என்று கொடுக்கும் பொது வாரண்ட் அத்தோடு இங்கிலாந்தில் அவமானச் சொல்லாகிப்போனது.

அதே இங்கிலாந்து இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுச் சோதனைக்கு வாரண்ட் தரும் அதிகாரம் நடுவரிடம் இருந்தது. 1973-ம் ஆண்டுச் சட்டத்தின் 93-வது பிரிவில் தொடர்ந்து, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 96-வது பிரிவிலும் இருக்கிறது. பொதுவான தேடுதல் இந்த விசாரணைக்குப் பயன்படும் என்று நடுவர் கருதினால் போதும்.

ஆனால் வாரண்டைப் பற்றி இவ்வளவு பேசுவதே சற்று மிகைதான். இந்தியாவில் போலீஸ் ஒரு வீட்டைச் சோதனையிட வந்தால் பெரும்பாலும் அவர்கள் கையில் வாரண்ட் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவில் வாரண்ட் விதி, வாரண்ட் இல்லாத சோதனை விலக்கு. இங்கே, புலனாய்வில் உள்ள வழக்கைப் பொறுத்தவரை, தலைகீழ். பழைய சட்டத்தின் 165-வது பிரிவு, புதியதின் 185-வது பிரிவு, காவல்நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் புலனாய்வு அதிகாரிக்கும் நேரடியாகவே சோதனை அதிகாரம் தருகிறது. நிபந்தனைகள் உண்டு. தேடும் பொருள் அங்கே இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். தாமதமில்லாமல் வேறு வழியில் அதைப் பெற முடியாது என்று அதிகாரி கருத வேண்டும். அந்தக் காரணத்தையும், இயன்றவரை தேடும் பொருளையும், கிளம்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். புதிய சட்டப்படி அதை வழக்கு நாட்குறிப்பில் எழுதி, 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு நகல் அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் நடுவர் அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

அதாவது, கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு நீதிபதியின் மனத்தில் ஓட வேண்டிய யோசனையை இங்கே போலீஸ் அதிகாரியே தன் மனத்தில் ஓட்டி எழுதிவிடலாம். நீதிபதி அதைப் பார்ப்பது பீரோ கலைந்த பிறகு.

பீரோ கலைவதற்கும் ஒரு முறை உண்டு. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, மதிப்புள்ள, சார்பில்லாத இரண்டு பேரையாவது சாட்சிகளாக அழைக்க வேண்டும். எழுத்து மூலம் அழைத்தும் காரணமில்லாமல் மறுத்தால் அவர்கள்மீது வழக்கே போடலாம். பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியமாக. வீட்டுக்காரர் கூடவே நிற்கலாம். எடுத்த பொருள் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டுக்காரரிடம் தர வேண்டும்.

தமிழ்நாட்டுக் காவல்நிலையங்களில் இதற்கு வழங்கும் பெயர் மகஜர். வடக்குப் பார்த்த வாசல், நுழைந்ததும் ஹால், ஹாலுக்கு இடதுபுறம் படுக்கையறை, படுக்கையறையில் இரும்பு பீரோ, பீரோவின் இரண்டாம் தட்டில் மஞ்சள் நிறத் துணிப்பை என்று அது ஒரு வீட்டை வரிசையாக எழுதிக்கொண்டே போகும். கீழே இரண்டு சாட்சிக் கையொப்பம். கிராமமென்றால் ஒன்று பெரும்பாலும் வி.ஏ.ஓ. உடையதாக இருக்கும். பொருள்கள் படிவம் 95 வழியே நீதிமன்றத்துக்குப் போகும். காகிதத்தில் குறை சொல்ல ஏதும் இராது.

வழக்கு விசாரணைக்கு வரும்போதுதான் சாட்சிக் கூண்டில் வேறு கதை கேட்கும். ‘ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்’ என்பார் சாட்சி. அரசு வழக்கறிஞர் எழுந்து அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கோருவார். இந்தக் காட்சியைப் பார்க்காத மாவட்ட நீதிமன்றம் எதுவும் தமிழ்நாட்டில் இருக்காது. எந்தக் கேஸுக்கும் கையெழுத்துப் போடத் தயாராகக் காவல்நிலையத்தைச் சுற்றியே இருக்கும் மாமூல் சாட்சிகளும் உண்டு. தில்லியில் தண்ணீர் விற்றுப் பிழைத்த ஒருவர், தன்னை ஏறக்குறைய 3,000 வழக்குகளில் போலீஸ் இப்படிப் பயன்படுத்தியது என்றும், இனி முடியாது என்று மறுத்ததும் ஊரைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறது என்றும் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1980-ல் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் போலீஸை விட்டு வாங்கியிருக்கிறார்.

*

சரி, இந்த முறைகளை எல்லாம் மீறி ஒரு சோதனை நடந்தால்? இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். இந்தியச் சட்டத்தின் பதில்: அனேகமாக ஒன்றும் ஆகாது.

ஒரு தபால்காரர் பட்டுவாடா செய்யாத பதிவுத் தபால்களைத் தன் வீட்டு அலமாரியில் வைத்திருந்ததாக வழக்கு. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்று அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1960-களின் தொடக்கத்தில் வந்த அந்தத் தீர்ப்பு, முறை தவறிய சோதனையை வீட்டுக்காரர் தடுத்திருக்கலாம், கிடைத்த ஆதாரத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்கும், ஆனால் கிடைத்தது கிடைத்ததுதான் என்றது. தடுத்திருக்கலாமாம். ராத்திரி வாசலில் ஜீப் நிற்கும்போது, இந்தச் சோதனை 165-வது பிரிவின்படி செல்லாது, நீங்கள் போகலாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லும் குடித்தனக்காரரை நீதிமன்ற நூலகத்தில் உட்கார்ந்துதான் கற்பனை செய்ய முடியும்.

1973-ல் பூரண்மல் வழக்கு இதை உறுதியான விதியாக்கியது. அது வருமான வரிச் சோதனை பற்றியது. விசாரித்தது ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஆதாரம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பது மட்டுமே கேள்வி, அது எப்படிக் கிடைத்தது என்பது கேள்வியே அல்ல என்று முடிவானது. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை ஏற்பது அரசமைப்பின் உணர்வுக்கே விரோதம் என்ற வாதத்தை அமர்வு தள்ளியதற்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். அரசமைப்பில் நான்காம் திருத்தம் போன்ற அந்தரங்க உரிமை இல்லை என்று எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் சொல்லிவிட்டார்களே, இல்லாத உரிமையின் உணர்வை எங்கே போய்த் தேடுவது? 1973-ன் விதி 1954-ன் வாக்கியத்தின்மேல் கட்டப்பட்டது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிராகப் போனது. 1957 மே மாதம் கிளீவ்லாந்து நகரில் டால்ரீ மாப் என்ற கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஒரு குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டவர் உள்ளே இருக்கிறார் என்று தகவல். வாரண்ட் இல்லாமல் விட மாட்டேன் என்றார் மாப். சில மணி நேரத்தில் கூடுதல் ஆட்களோடு கதவை உடைத்து நுழைந்தார்கள். ஒருவர் ஒரு தாளை ஆட்டி இதுதான் வாரண்ட் என்றார். மாப் அதைப் பிடுங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். மல்லுக்கட்டி அதைத் திரும்ப எடுத்து, அவர் கையில் விலங்கு மாட்டினார்கள். பிறகு விசாரணையில் அப்படி ஒரு வாரண்டை யாராலும் காட்ட முடியவில்லை. வீட்டில் கிடைத்தவை சில ஆபாசப் புத்தகங்களும் படங்களும்தான். அதற்காக அவருக்குத் தண்டனை. 1961-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து, சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை எந்த மாநில நீதிமன்றமும் ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று அறிவித்தது. தடுக்க நினைத்தால் தடுக்கலாம் என்று மாப்பிடம் யாரும் சொல்லவில்லை. அவர் தடுத்தார், விலங்குதான் கிடைத்தது. அவருக்கு உதவியது நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அந்த விலக்கு விதி.

அமெரிக்காவைக் கோயிலாக்க வேண்டியதில்லை. போலீஸ் நல்லெண்ணத்தோடு நம்பிய குறையுள்ள வாரண்டுக்கு 1984-ல் விதிவிலக்கு வந்தது. கதவைத் தட்டி அறிவிக்காமல் நுழைந்தாலும் கிடைத்த ஆதாரம் செல்லும் என்று 2006-ல் வந்தது. 2020 மார்ச் 13 அன்று லூயிவில் நகரில் பிரியானா டெய்லர் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீஸிடம் வாரண்ட் இருந்தது. அதைப் பெறுவதற்காகக் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் சேர்க்க உடன்பட்டதை முன்னாள் துப்பறிவாளர் ஒருவர் 2022-ல் ஒப்புக்கொண்டார்.

இந்தியாவிலும் மாற்று யோசனை எழாமல் இல்லை. 1975-ல் கோவிந்த் வழக்கில் மத்தியப் பிரதேச போலீஸின் ராத்திரி வருகை விதிகளை நீதிபதி கே.கே.மேத்யூ ரத்து செய்யவில்லை. ஆனால் அந்தரங்க உரிமை ஒன்று இருக்கக்கூடும் என்று தயக்கத்தோடு எழுதி, உண்மையிலேயே ஆபத்தானவர்களுக்கு மட்டும் இந்த விதி என்று சுருக்கினார். அதே மேத்யூ பிற்பாடு சட்ட ஆணையத்தின் தலைவரானார். 1983-ல் வந்த அதன் 94-வது அறிக்கை முழுக்க முழுக்க இந்த ஒரே கேள்வியைப் பற்றியது. சாட்சியச் சட்டத்தில் 166-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். சட்டவிரோதமாகவோ முறைகேடாகவோ கிடைத்த ஆதாரத்தை ஏற்பது நீதி நிர்வாகத்துக்கு இழுக்கு என்று கருதினால் அதை விலக்கும் விருப்புரிமை நீதிபதிக்கு இருக்கட்டும் என்றது. அமெரிக்க முறையைவிட மிக மிதமான யோசனை. அரசு எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் நினைத்தால் மீறலுக்குப் பல் வைக்க முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் அதற்கான காரணத்தைத் தனியே எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. இதை அடியோடு கடைப்பிடிக்காமல் விட்டால் மன்னிக்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொன்னது. காரணமில்லாமல் தொல்லைச் சோதனை நடத்தும் அதிகாரிக்கு ஆறு மாதம்வரை சிறை என்று 58-வது பிரிவும் இருக்கிறது. பத்தாண்டுச் சிறை வரும் வழக்கில் நடைமுறை கறாராக வேண்டும் என்பது நியாயம். சாதாரண வழக்கில் உடைபடும் கதவும் கதவுதானே.

*

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள், ஆறு தீர்ப்புரைகள், 547 பக்கங்கள். ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அரசமைப்பு அந்தரங்க உரிமையைத் தரவில்லை என்று எம்.பி.சர்மா வழக்கும் கரக் சிங் வழக்கும் சொன்ன பகுதிகள் செல்லாமல் போயின. சுப்பா ராவின் சிறுபான்மைத் தீர்ப்பு சட்டமானது. இனி அரசு அந்தரங்கத்தில் நுழைய வேண்டுமென்றால் ஒரு சட்டம் வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். நாடே கொண்டாடியது. கொண்டாட்டத்துக்கு நடுவே கவனம் பெறாமல் போனது பூரண்மல். சட்டவிரோத ஆதாரத்தை என்ன செய்வது என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. ஆகவே அமர்வு அதைத் தொடவில்லை. அஸ்திவாரத்தை எடுத்த பிறகும் கட்டடம் நிற்கிறது. விசாரணை நீதிமன்றங்களில் இன்றும் பூரண்மல்தான் மேற்கோள்.

இதற்கிடையே சோதனை அதிகாரம் வளர்ந்துகொண்டே போகிறது. வருமான வரித் துறை ஒரு வீட்டைச் சோதனையிட நம்புவதற்குக் காரணம் வேண்டும் என்பது பழைய விதி. அந்தக் காரணத்தை யாரிடமும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம்கூட, சொல்லத் தேவையில்லை என்று 2017-ம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்தது. அதுவும் 1962 ஏப்ரல் 1 முதலே அப்படித்தான் என்று முன்தேதியிட்டு. புட்டசாமி தீர்ப்பு வந்த அதே ஆண்டு. புதிய வருமான வரிச் சட்டம், 2025, மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, கிளவுட் சேமிப்பு போன்ற இணையவெளிகளையும் சோதனை எல்லைக்குள் கொண்டுவந்து, கடவுச்சொல் கிடைக்காவிட்டால் அதைத் தாண்டிப் புகும் அதிகாரத்தையும் தருகிறது.

வீட்டில் பீரோவைவிடப் பெரிய அறை இப்போது செல்போன்தான். ஒரு மகஜரில் ‘கறுப்பு நிற செல்போன் ஒன்று’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும் அந்தப் பொருளுக்குள் பத்தாண்டுக் கடிதங்கள், மருத்துவ அறிக்கைகள், குழந்தைகளின் படங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், செல்போனையோ கணினியையோ திறந்து தேட, அவசர நிலை தவிர, வாரண்ட் வேண்டும் என்று சொன்னது. 2023 அக்டோபரில் தில்லியில் பத்திரிகையாளர்களின் வீடுகளில் போன்களும் மடிக்கணினிகளும் கூட்டமாக எடுத்துச்செல்லப்பட்ட பிறகு, இதற்கு வழிகாட்டு விதிகள் எங்கே என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. அதுவரை சி.பி.ஐ. கையேட்டைப் பின்பற்றுகிறோம் என்றது அரசு.

இப்படிப்பட்ட சூழலில் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் எழுதிய ஒரு தீர்ப்பு தனித்து நிற்கிறது. அது வீட்டுச் சோதனை வழக்கு அல்ல, ஒட்டுக்கேட்பு வழக்கு. லஞ்சப் புகார் ஒன்றில் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011-ல் போட்ட உத்தரவை அவர் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில் தந்திச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்றார். அத்தோடு நிற்கவில்லை: விதிமீறி எடுத்த உரையாடல்களை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. புட்டசாமி தீர்ப்பிலிருந்து நியாயப்படி வர வேண்டிய அடுத்த அடி இது. தொலைபேசிக் கம்பிக்குப் பொருந்துவது வீட்டு வாசலுக்குப் பொருந்தாது என்று சொல்ல நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

மகஜர் சாட்சிகளின் கையொப்பத்தை யாரும் நம்பாத நிலையில், புதிய நடைமுறைச் சட்டம் கேமராவை நம்புகிறது. 105-வது பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும், பட்டியல் தயாரிப்பதையும் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் சேர்த்து, ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும். பதிவைத் தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். சாட்சி அங்கே நின்றாரா, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாரா என்பதைப் படம் சொல்லிவிடும். மஞ்சள் துணிப்பை பீரோவிலிருந்து வந்ததா, ஜீப்பிலிருந்து வந்ததா என்பதையும் சொல்லக்கூடும். ஆனால் பதிவே எடுக்காவிட்டால், அல்லது பாதியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அதிகாரி சொன்னால், கிடைத்த பொருளின் கதி என்ன என்று அந்தப் பிரிவு ஒரு வரியும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் வந்து உட்காரப்போவது மறுபடியும் பூரண்மல்.

அதை அசைக்க இரண்டே வழிகள். பூரண்மல் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு என்பதால் உச்ச நீதிமன்றத்தில் அதைவிடப் பெரிய அமர்வு ஒன்று கூடி, எம்.பி.சர்மா போன பிறகு இது மட்டும் எதன்மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டும். அல்லது நாடாளுமன்றம் மேத்யூ ஆணையம் எழுதித்தந்த 166-ஏ பிரிவைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தை நீக்கிவிட்டுப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தைக் கொண்டுவந்தது. 170 பிரிவுகள் கொண்ட அந்தப் புதுச் சட்டத்தில் அது இல்லை.